பழங்காசுகளைப் படம்பிடித்துப் படித்தல்

ஆலய மலருக்குச் சமயக் கட்டுரை எழுத வல்லார் எம்மூரில் பலர் உளர். ஆகையால் மலர்க் குழுவினர் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, முப்பது வருடங்களுக்கு மேலாகக் கோவைகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழித்த ஒரு எழுதுவினைஞன் சொல்லத்தக்க விடயம் எதுவென்று யோசித்துப் பழங்காசு பற்றி எழுதத் துணிந்தேன். வீட்டுப் பெட்டகத்திலும், நேர்த்திக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியிலும், கிணறு வெட்டும்போது மண்ணிலும் எம்மவர் கண்ணிற் படுகின்ற பழைய செப்புக் காசுகளை இன்றைய எண்ணிமக் கமராவின் உதவியால் எவ்வாறு பதிந்து வைக்கலாம், அப்படிப் பதிவதனால் எமது கரையோரத்துக்கு என்ன பயன் என்பதே இங்கு சொல்லப்படுவது. காசு தொலைந்து போகலாம். அது எங்கே கிடைத்தது, அதில் என்ன இருந்தது என்ற செய்தியும் கூடவே தொலைந்து போவதுதான் பெரிய இழப்பு.

எமது கரையும் காசும்

புத்தளம் மாவட்டத்தின் வட கோடியில், வில்பத்துக் காட்டோரமாகக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையை எம்மவர் அறிவர். உரோமாபுரி அறிஞர் பிளினி கி.பி. 1ஆம் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலில் இலங்கை பற்றி ஒரு செய்தி வருகின்றது. கிளவுடியஸ் பேரரசன் காலத்தில் (கி.பி. 41-54) செங்கடற் பகுதியில் வரி அறவிடும் குத்தகையைப் பெற்றிருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவனுடைய ஆள் ஒருவன், அரேபியக் கரையோரம் கப்பலிற் செல்லும்போது காற்றில் அகப்பட்டு, 15ஆம் நாள் இலங்கையின் ஹிப்புறோஸ் என்ற துறையை வந்தடைந்தான். கிரேக்க மொழியில் 'ஹிப்பொஸ்' என்றால் குதிரை. ஆதலால் அத்துறை குதிரைமலையே என்று பலர் கொள்வர். அவனை ஆறு மாதம் வைத்து உபசரித்த அரசன், அவனிடமிருந்த உரோமக் காசுகளைப் பார்த்து வியந்தானாம். காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு அரசர்களுடையவை. ஆயினும் எல்லாக் காசும் ஒரே நிறை. இப்படிக் காசு அடிப்பவர்கள் நேர்மையான மக்களாகத்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி உரோமாபுரிக்குத் தூதுவரையும் அனுப்பினான் என்பது கதை.

கதையில் எவ்வளவு உண்மை என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த அரசன் செய்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். காசை நிறுத்துப் பார்த்தான். முகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டான். இன்றும் நாணய ஆராய்ச்சியாளர் முதலிற் செய்வன இவையே.

இனி எமது ஊருக்கு இன்னும் கிட்ட வருவோம். மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது 'பத்தாலா' என்று அவர் எழுதும் புத்தளத்தில் இறங்கி, அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். பின்னர் சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டவர் வழியில் 'மனார் மந்தலி' என்னும் ஊரைச் சொல்கின்றார். அது அந்த அரசனின் ஆட்சி எல்லையில் அமைந்த நல்ல ஊர் என்பது அவர் தரும் குறிப்பு. அடுத்து வருவது சிலாபம் எனக் கொள்ளப்படும் 'பந்தர் சலாவத்'. இந்த மனார் மந்தலி எமது முந்தல் பக்கத்து இடமே என்று அவருடைய பயண நூலை ஆராய்ந்தோருட் சிலர் கருதினர். அவ்வாறாயின் ஏறத்தாழ 680 வருடங்களுக்கு முன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சி எம்மூர் வாசலில் வந்து முடிந்தது என்றாகும்.

இதற்கு எழுத்துச் சான்று ஒரு பயணியின் குறிப்பு மாத்திரமே. மண்ணிலிருந்து சான்று வருமாயின் அது காசாக வரலாம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட 'சேது' நாணயங்களில் ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம் ஒன்றும், மறு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் தமிழில் 'சேது' என்ற சொல்லும் காணப்படும். முன்னர் இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடைய காசு என்று எழுதினோரும் உண்டு. இவை யாழ்ப்பாண அரசருடையவை என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர் வருவதற்கு உதவிய காரணங்களுள் ஒன்று, இவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகுதியாகக் கிடைத்தமை. அதாவது காசிலிருந்த எழுத்தினால் மட்டும் தீராத வழக்கைத் தீர்ப்பதற்குக் காசு கிடைத்த இடமும் சாட்சியாக வந்தது.

ஒரு சேதுக் காசு முந்தலில் அகப்பட்டது என்பதற்காக இங்கே அந்த அரசன் ஆண்டான் என்று முடிவு கட்டிவிட முடியாது. காசுக்குக் கால் உண்டு. வியாபாரியின் மடியில் அது எங்கும் போகும். ஆனால் களப்பின் வடகரையில் இத்தனை, தென்கரையில் இத்தனை, சிலாபத்துக்கு அப்பால் இல்லை என்பது போன்ற கணக்கு ஒன்று இருக்குமானால் அது வேறு பேச்சு. அந்தக் கணக்கு இதுவரை எவரிடமும் இல்லாததற்குக் காரணம் காசு கிடைக்காமை என்று நான் நம்பவில்லை. எழுதி வைப்பார் இல்லாமையே காரணம்.

காசு எப்படி அழிகின்றது

பழைய செப்புக் காசு ஒன்று கையில் வந்ததும் எம்மவர் செய்யும் முதல் வேலை புளி போட்டுத் துலக்குவது. குத்துவிளக்குக்கும் செம்புக்கும் புளி நல்லதுதான். காசுக்கு அது யமன். நூற்றாண்டுக் கணக்காக மண்ணிற் கிடந்த செம்பின் மேற்பரப்பு மெல்ல மெல்லப் பச்சையாகவும் கறுப்பாகவும் மாறியிருக்கும். தேய்ந்த எழுத்தின் கடைசி மேடு பள்ளம் அந்தப் படையிலேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். புளியும் சாம்பலும் பிறாசோவும் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். காசு பளபளக்கும், எழுத்து இராது.

துலக்காமல் வைத்தாலும் எமது கரையில் இன்னுமொரு ஆபத்து உண்டு. களப்பும் உப்பளமும் கடலும் சூழ்ந்த இடம் இது. உப்பில் உள்ள குளோரைட்டு செம்பினுள் ஊறியிருந்தால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளிறிய பச்சை நிறத் தூளாகப் பூத்துக் காசை உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். தொட்டால் மாவாக உதிரும். பழம்பொருள் பேணுவோர் இதை வெண்கல நோய் என்பர். போத்தலில் அடைத்து வைத்த காசு பத்து வருடத்தில் முகமற்றுப் போனதைக் கண்டவர்கள் இங்கே இருக்கின்றார்கள். நோய் பிடித்த காசைக் குணமாக்குவது இரசாயன ஆய்வுகூடத்தார் வேலை. எம்மாற் செய்யக்கூடியது, உலர்ந்த இடத்தில் தனியே வைப்பதும், காலந்தாழ்த்தாமல் படம்பிடித்துக்கொள்வதுமே.

மூன்றாவது வழியை எல்லாரும் அறிவர். வாங்குபவர் வருவார், கொடுத்துவிடுவோம். அதன்பின் அது 'இலங்கையிற் கிடைத்தது' என்ற ஒரு வரியோடு எங்கேயோ ஒரு பெட்டியில் இருக்கும்.

வெளிச்சம் செய்யும் வேலை

பழங்காசைப் படம்பிடிப்பதில் முதற் பாடம் கமரா பற்றியதல்ல, வெளிச்சம் பற்றியது. உச்சிவெயிலில் கடற்கரை மணலைப் பாருங்கள், வெறும் வெண்பரப்பு. மாலையில் சூரியன் கடலைத் தொடும் நேரம் அதே மணலைப் பாருங்கள். நண்டின் கால் தடம் வரைக்கும் தெரியும். மேசன்மார் சுவர் பூசி முடித்ததும் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டிற் பிடித்து மேடு பள்ளம் பார்ப்பதும் இதற்காகவே. தாழ்வாக வரும் வெளிச்சம் சிறு மேட்டுக்கும் நீண்ட நிழல் தரும். தேய்ந்த காசின் எழுத்து மயிரிழை உயரமே நிற்பதனால் அதற்கு இந்தச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும்.

ஆனால் ஒரு பக்க வெளிச்சத்தில் ஒரு தொல்லை உண்டு. கிழக்கிலிருந்து வெளிச்சம் விழுந்தால் கிழக்கு மேற்காக ஓடும் கோடுகள் மறைந்துவிடும். வடக்கிலிருந்து விழுந்தால் வடக்குத் தெற்காக ஓடுபவை மறையும். எச். டபிள்யூ. கொட்றிங்ரன் 1924இல் கொழும்பில் வெளியிட்ட 'இலங்கை நாணயங்களும் செலாவணியும்' பற்றிய ஆங்கில நூல் இன்றும் இத்துறைக்கு அத்திவாரம். அவரும் இந்நாட்டுச் சிவில் சேவையில் இருந்தவர்தான் என்பதில் என்னைப் போன்ற அரச ஊழியருக்கு ஒரு சின்னச் சந்தோசம். அந்நூலின் இறுதியில் காசுகளின் படங்கள் உண்டு. ஆயினும் அச்சிட்ட படம் என்றால் அதில் உள்ளது அன்று விழுந்த ஒரே வெளிச்சம்தான். "இந்த எழுத்து 'ரா'வா அல்லது வேறா?" என்று ஐயம் வந்தால் படத்தைச் சரித்துப் பார்க்க முடியாது. காசைத் தேடி நூதனசாலைக்கே போகவேண்டும்.

இந்தத் தடையை எண்ணிமப் படப்பதிவு நீக்கிவிட்டது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹியூலட் பக்காட் கம்பனியின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டொம் மால்ஸ்பெண்டரும் அவரது சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டனர். கமராவும் பொருளும் அசையா. விளக்கு மட்டும் ஒரு கவிழ்த்த சிரட்டையின் உட்புறத்தைச் சுற்றி வருவது போல இடம் மாறி மாறி நிற்கும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். இப்படி 40, 50 படங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை வெளிச்சத்தில் எவ்வளவு மினுங்கியது என்பதைக் கணினி ஒப்பிட்டு, அந்தப் புள்ளி எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றது என்று கணக்கிடும். பிறகு கணினித் திரையில் நாம் வெளிச்சத்தை விரும்பிய திசைக்குத் திருப்பிக் காசைப் பார்க்கலாம். பச்சைக் களிம்பின் நிறத்தை அறவே நீக்கிவிட்டு, வெள்ளித் தகட்டில் அடித்தாற்போல மேடு பள்ளத்தை மட்டும் காட்டும்படியும் செய்யலாம். கண்ணை மயக்குவது பெரும்பாலும் இந்த நிறந்தான். இம்முறையை இன்று சுருக்கமாக ஆர்.ரி.ஐ. என்பர்.

ஆரம்பத்தில் இதற்கு விளக்குகள் பூட்டிய குவிமாடம் ஒன்று தேவைப்பட்டது. பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் மார்க் மட்ஜ், கார்லா ஷ்ரோயர் ஆகியோர் நடத்தும் 'கல்ச்சரல் ஹெரிற்றேஜ் இமேஜிங்' என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் செலவில்லாத வழியைப் பரப்பியது. காசின் பக்கத்தில் பளபளக்கும் கறுப்புக் குண்டு ஒன்றை வைத்துவிட்டால் போதும். விளக்கு எங்கே நின்றது என்பதை அக்குண்டில் விழும் மினுக்கத்தைப் பார்த்தே கணினி கண்டுபிடித்துவிடும். கையில் ஒரு விளக்கு, தூரம் மாறாமல் இருக்க ஒரு நூல், ஒரு குண்டு. இதற்கான கணினி நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த முறை காசுகளுக்குப் பயன்பட்ட முதற் கதைகளுள் ஒன்று ஆலய அடியார்களாகிய எமக்குப் பொருத்தமானது. சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 2,470 மீற்றர் உயரத்தில், கிரான்ட் சென் பேர்னார்ட் என்ற கணவாய் உண்டு. உரோமர் காலத்தில் அங்கே யூப்பித்தர் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. பனியிலும் புயலிலும் உயிர் தப்பிக் கணவாயைக் கடக்க வேண்டியவர்கள் அந்தத் தெய்வத்துக்குக் காசு காணிக்கை வைத்துச் சென்றனர். எமது கடற்றொழிலாளர் தோணி இறக்குமுன் அம்மனுக்கு ஒரு காசு முடிவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அங்கே கிடைத்த காணிக்கைக் காசுகளை இன்று அக்கணவாயிலுள்ள துறவிகள் மடம் பாதுகாக்கின்றது. 2005இல் மட்ஜ் குழுவினர் மடத்துத் துறவி ஒருவரோடு சேர்ந்து அக்காசுகளை இம்முறையிற் படம்பிடித்து அதன் விபரத்தை அறிஞர் மாநாட்டில் வெளியிட்டனர். காசு மலையிலே இருக்கின்றது. அதன் உருவைச் சரித்தும் திருப்பியும் பார்க்க எவரும் மலை ஏற வேண்டியதில்லை.

எமது நாட்டுக் காசுகளில் இதன் தேவை எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் பெயரில் வெளிவந்த செப்புக் காசில் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவமும் மறு பக்கம் அமர்ந்த உருவமும் இருக்கும். அமர்ந்த உருவின் அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். சோழர் போனபின் பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு, லீலாவதி அரசி, சாகசமல்லன் முதலியோரும், அவர்களுக்குப் பின் புவனேகபாகுவும் இதே அச்சமைப்பைப் பின்பற்றினர். நிற்பவனும் அதே, அமர்ந்தவனும் அதே. நிறையும் ஏறத்தாழ 4 கிராம். வேறுபடுவது அந்தச் சில எழுத்துக்கள் மாத்திரமே. அவை தேய்ந்த காசை ஒரு நூற்றாண்டு முன்தள்ளிச் சோழருக்குக் கொடுப்பதா, பின்தள்ளிப் பராக்கிரமபாகுவுக்குக் கொடுப்பதா? தமிழர் சிலர் 'எங்கள் காசு' என்றும் சிங்களவர் சிலர் 'எங்கள் காசு' என்றும் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். வாதத்தைவிட ஒரு சாய்ந்த விளக்கு அதிகம் சொல்லும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எமது ஆலயத்திலும் இதற்கு ஒரு சிறு பரீட்சை நடந்தது. ஒரு அம்மா தன் பாட்டியின் நேர்த்தி முடிச்சை உண்டியலிற் சேர்க்கக் கொண்டுவந்தார். முடிச்சினுள் கறுத்துப்போன ஒரு செப்புக் காசு. பெரியவர் ஒருவர் உற்றுப் பார்த்து, "நந்தி தெரியுது, சேதுக்காசுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அறநெறிப் பாடசாலை மாணவன் ஒருவன் முக்காலியின் விளிம்பில் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்து, ரோர்ச் லைற்றைக் காசுக்குச் சமனாகத் தாழ்த்திப் பிடித்து எட்டுத் திசையிலும் எட்டுப் படம் எடுத்தான். ஐந்தாவது படத்தில் நந்தி எழுந்து நின்றது. பிடரி மயிரோடு சிங்கமாகிவிட்டது. சுற்றிலும் கேடயம், மேலே முடி. மறுபக்கத்தில் ஒல்லாந்துக் கம்பனியின் பின்னிய மூன்றெழுத்து முத்திரையும் அதன் கீழே 17 என்ற இலக்கமும், பின்னால் 3 போல ஒன்றும். எமது ஒல்லாந்தர் வாய்க்காலில் பாதை வள்ளம் ஓடிய காலத்துத் துட்டு அது! பெரியவர் முகம் சற்று வாடியது உண்மை. ஆனால் எனக்கு மகிழ்ச்சி. ஒரு குடும்பத்தின் நேர்த்தி முடிச்சில் ஒல்லாந்தர் துட்டு வந்து சேர்ந்ததும் இக்கரையின் வரலாறுதான்.

வீட்டிலே செய்யும் முறை

காசை விளிம்பிலே மட்டும் பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும்; முதற் படம் அந்த மண்ணோடுதான். வெள்ளைத் தாளிலோ கறுப்புத் துணியிலோ வைத்து, பக்கத்தில் பாடசாலை அடிமட்டம் ஒன்றை வையுங்கள். அளவுக்காக ஒரு ரூபாய்க் குற்றியை வைக்கும் பழக்கம் வேண்டாம்; எமது சில்லறைக் குற்றிகளே பல தடவை அளவு மாறிவிட்டன. கமரா அசையாது நிற்கவேண்டும். முக்காலியோ அடுக்கிய புத்தகங்களோ போதும். பொத்தானை அமத்தும்போது கூட அது அசையும் என்பதால் தானாகப் படம் எடுக்கும் நேர ஒழுங்கைப் பயன்படுத்துங்கள். கமராவின் சொந்த மின்னொளியை நிறுத்திவிடுங்கள். அது நேரே அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கும். அறையை இருட்டாக்கி, ஒரு விளக்கை மட்டும் தாழ்வாகப் பிடித்து நான்கு அல்லது எட்டுத் திசைகளிலும் எடுங்கள். இரு பக்கமும் எடுக்க வேண்டும். காசைத் திருப்பும்போது மேற்பக்கத்தின் தலை நேராக இருக்க, மறுபக்கத்து உருவின் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மணிக்கூட்டு முள்ளின் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அச்சுக்களை எப்படிப் பொருத்தி அடித்தார்கள் என்பதை ஆராய்வோருக்கு அது உதவும். நிறையை நகைக்கடைத் தராசிற் பார்க்கலாம்.

ஆர்வமுள்ள இளைஞர் ஆர்.ரி.ஐ. முறையையே முயலலாம். சைக்கிள் பெயாரிங் குண்டு ஒன்றுக்குக் கறுப்பு மினுக்கு வர்ணம் பூசினால் கறுப்புக் குண்டு தயார். ஒரு காசுக்கு அரை மணித்தியாலம் செல்லும்.

இவ்வளவும் படம். படத்தைவிட முக்கியமானது குறிப்பு. எந்தத் திகதி, எந்த வளவு, கிணறா அத்திவாரமா வயலா, எத்தனை அடி ஆழம், கூடக் கிடந்தவை எவை - ஓடா, எலும்பா, மணியா, வேறு காசா. பிரான்சுக்கு அருகே ஜேர்சி என்னும் சிறு தீவில் 2012இல் ஏறத்தாழ 70,000 காசுகள் ஒரே கட்டியாக ஒட்டிய நிலையில் அகப்பட்டன. அங்கே ஒவ்வொரு காசும் அக்கட்டிக்குள் எந்த இடத்தில் இருந்தது என்று லேசர்க் கருவியால் அளந்து பதிந்த பின்னரே அதைப் பிரித்தெடுத்தார்கள். 70,000 காசுக்கும் இடம் குறித்தார்கள் என்றால், நாம் ஒரு காசுக்கு நான்கு வரி எழுத முடியாதா?

படக் கோப்புகளுக்குப் பெயர் வைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். தொலைபேசி தானாக வைக்கும் இலக்கம் நாளைக்கு எவருக்கும் விளங்காது. வருடம், தொடர் இலக்கம், மேற்பக்கமா மறுபக்கமா, வெளிச்சம் வந்த திசை என்ற வரிசையிற் பெயரிட்டால், 20 வருடத்துக்குப் பின் வருபவனும் கண்டுபிடிப்பான். கந்தோரில் கோவை இலக்கம் இல்லாத கடிதம் என்ன பாடுபடும் என்பதை அறிந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இக்காலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புதிய தொலைபேசிகளும், படத்தை 'அழகாக்கும்' செயலிகளும் தெளிவற்ற இடங்களைத் தாமாகவே நிரப்பிவிடுகின்றன. மனித முகத்துக்கு அது பரவாயில்லை. காசிலே அது இல்லாத எழுத்தை எழுதிவிடும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கிய படத்தில் 'சேது' என்று தெரிந்தாலும் அது காசு சொன்னதா செயலி சொன்னதா என்று எவர் சத்தியம் செய்வது? ஆகவே எடுத்த படத்தைத் திருத்தாமல் அப்படியே ஒரு பிரதி வையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி நுணுக்கம் போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள்.

கணினிக்குக் காசை அடையாளங் காணப் பழக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. களவு போன நாணயங்கள் இணைய வியாபாரத்தில் விற்கப்படுவதைக் கண்டுபிடிக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2007 முதல் 2009 வரை 'கொயின்ஸ்' என்ற ஒரு திட்டம் நடைபெற்றது. ஒரு காசின் தேய்வும் கீறலும் விளிம்பு வெடிப்பும் இன்னொன்றுக்கு அமையாது; மனிதனுக்குக் கைரேகை போல. நல்ல படம் இருந்தால் அந்தக் காசு உலகின் எம்மூலையில் விற்பனைக்கு வந்தாலும் இனங்காணலாம். போலிகளையும் இதே வழியிற் பிடிப்பர். இரண்டு காசில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் அவை வார்த்தெடுத்தவை.

இது தூரத்து நாட்டுக் கவலை அல்ல. 2012 மார்ச் மாதம் கொழும்பு தேசிய நூதனசாலைக்குள் இரவிற் புகுந்த திருடர் பழைய நாணயங்கள் உட்படப் பல அரும்பொருட்களை அள்ளிச் சென்றனர். காவல் போட்ட மாளிகையிலே அப்படியென்றால் எமது பெட்டகத்தின் பூட்டு எம்மாத்திரம்? 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது படி எடுக்காத ஏடுகள் சாம்பலோடு போயின. படி இருந்தவை பிழைத்தன. ஆகவே படங்களை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. சீடிக்கள் சில வருடங்களில் வாசிக்க முடியாமற் போகின்றன; கணினியில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் வன்தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என மூன்று பிரதி வேண்டும். இத்தகைய ஆலய மலர்களைக் கூட எண்ணிம வடிவிற் சேர்த்து இணையத்தில் வைக்கும் 'நூலகம்' நிறுவனத்தாரின் பணி எமக்கு நல்ல முன்மாதிரி.

சட்டமும் ஒழுங்கும்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை, அதாவது கண்டி உடன்படிக்கை எழுதப்பட்ட நாளுக்கு முற்பட்டவை, தொல்பொருட்களாகும். மண்ணுக்குள் இருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது; எமது வளவிற் கிடைத்தாலும் அப்படியே. கண்டெடுத்தவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். எமக்கு இலகுவான வழி கிராம உத்தியோகத்தரிடம் கூறி, அவர் மூலமாக முந்தல் பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் தெரிவிப்பது. கையளிக்கும்போது எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். கையளிக்குமுன் எடுத்த படமும் குறிப்பும் உங்களிடமே இருக்கும். காசு கொழும்புக்குப் போனாலும் அது எம்மூரில் எந்த வளவில் கிடைத்தது என்ற சாட்சி ஊரிலே தங்கிவிடும்.

'அறிவித்தால் வளவையே எடுத்துவிடுவார்கள்' என்ற பயம் எம்மவரிடம் உண்டு என்பதை அறிவேன். ஒரு காசுக்காக ஒருவர் வளவு போனதை நான் சேவையில் இருந்த காலத்திற் கண்டதில்லை. அறிவிக்காமல் விற்கப் போய் வழக்கில் அகப்பட்டோரைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கிடைத்த இடத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள், முகநூலில் எழுதாதீர்கள். புதையல் தோண்டுவோர் இந்நாட்டில் எத்தனை விகாரையையும் கோயிலையும் கிண்டிப் பாழாக்கினார்கள் என்பது பத்திரிகை படிப்போருக்குத் தெரியும். படத்திலேயே இடத்தின் விபரம் மறைவாகப் பதிந்திருக்கும் ஆகையால், பிறருக்கு அனுப்பும் பிரதியில் அதை நீக்கிவிடுமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

திருப்பணி வேளைகளில் ஆலயங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. மூர்த்தியைப் பிரதிட்டை செய்யும்போது பீடத்தின் கீழ் யந்திரத் தகட்டோடு காசும் இரத்தினமும் இடுவது வழக்கம். பாலஸ்தானம் செய்து பழைய பீடத்தை எடுக்கும்போது முன்னோர் இட்டவை வெளிவரும். குருக்கள் ஐயாவின் அனுமதியோடு, அவர் கைபட எடுத்து வைத்தபின், எவரும் கழுவுமுன் படம் எடுக்கலாம். இன்ன வருடத்துக் காசு பீடத்தின் கீழ் இருந்தது என்றால், அந்தப் பிரதிட்டை அதற்கு முந்தியதல்ல என்பது உறுதி. தலபுராணம் சொல்லாத திகதியை ஒரு சதக்காசு சொல்லிவிடும்.

எமது ஆலய அலுவலகத்தில் இதற்கென 200 பக்கப் பதிவேடு ஒன்று திறக்கப்பட்டுள்ளது. முதற் பக்கத்தில் மேற்சொன்ன ஒல்லாந்தர் துட்டு, எட்டுப் படங்களின் இலக்கங்களோடு பதியப்பட்டிருக்கின்றது. அக்காசு அந்த அம்மாவின் விருப்பப்படி அவர் வீட்டிலேயே இருக்கின்றது. வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசை முடிந்தபின் அலுவலகம் திறந்திருக்கும். அறநெறிப் பாடசாலையின் மூத்த மாணவர் இருவர் படம் எடுக்கப் பழகியுள்ளனர். பழங்காசு வைத்திருப்போர் கொண்டுவந்து, பதிந்துகொண்டு, அன்றே திருப்பி எடுத்துச் செல்லலாம். மண்ணிற் புதிதாகக் கிடைத்ததாயின் அறிவிப்புக் கடிதம் எழுதவும் நான் உதவுவேன். வரும்போது காசைக் கழுவாமல், ஒரு தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள்.